கேட்டாச்சு என்று எழுதிக்கொள்

‘படித்துக் காட்டி விளக்கப்பட்டது. புரிந்துகொண்டு கைநாட்டு வைத்தார்.’

வங்கியில் எழுத்தராக உட்கார்ந்திருக்கும் நான் இந்த இரண்டு வாக்கியங்களை எத்தனை தரம் எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவர் கடன் பத்திரத்தில் பெருவிரலை வைத்தால் பக்கத்திலேயே இதை எழுதியாக வேண்டும். பத்திரம் பதினாலு பக்கம், முழுக்க ஆங்கிலம். வெளியே வரிசையில் நாற்பது பேர். யார் படித்துக் காட்டியது? யாருக்கு விளங்கியது? ஒருமுறை நகைக்கடனுக்கு வந்த ஒரு பெரியம்மா மை படிந்த விரலைச் சேலை முந்தியில் துடைத்துக்கொண்டே கேட்டாள்: “ஏய்யா, இதுல என்னதான் எழுதியிருக்கு?” “ஒண்ணுமில்ல பெரியம்மா, உங்ககிட்ட எல்லாத்தையும் சொல்லியாச்சுன்னு எழுதியிருக்கு” என்றேன். அவள் சிரித்துவிட்டாள். “நீ ஒண்ணும் சொல்லவே இல்லையேய்யா.” நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

சேரியில் பிறந்து, படித்து, மேசைக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தவன் செய்த காரியம் இது. இதைச் சொல்லாமல் அரசாங்கத்தின் ‘கருத்துக் கேட்பு’ பற்றிப் பேச எனக்கு வாயில்லை.

கருத்துக் கேட்பு, கலந்தாய்வு, பொது விசாரணை, விருப்ப ஓய்வு, தன்விருப்ப இடமாற்றம் என்று கேட்பதற்கு எத்தனை சொல்! அதிகார வர்க்கத்தின் அகராதியில் நம்மைக் கேட்பதற்கான சொற்கள் பெருகப் பெருக, கேட்பது மட்டும் குறைந்துகொண்டே வருகிறது. இந்த இதழின் தலையங்கம் அதைப் பற்றித்தான்.

நம்ம ஊர் மாஞ்சோலையில் தொடங்குவோம். 1929-இல் சிங்கம்பட்டி ஜமீன் 8,373 ஏக்கர் காட்டைப் பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டது. அந்தக் காட்டில் அலைந்து திரிந்து வாழ்ந்த காணிக்காரர்களை ஜமீனும் கேட்கவில்லை, வெள்ளைக்கார அரசும் கேட்கவில்லை. காட்டை வெட்டித் தேயிலை வைக்கக் கீழேயிருந்து கூட்டிப்போகப்பட்டவர்கள் பெரும்பாலும் நம் ஆட்கள். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று லைன் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக அட்டைக்கடியும் குளிருமாகக் கிடந்தார்கள். பிறகு ஜமீன் ஒழிந்தது. நிலம் அரசுடையதாயிற்று. குத்தகை மட்டும் ஒழியவில்லை. அது 2028 பிப்ரவரி 11-இல்தான் முடிகிறது.

குத்தகை முடியுமுன்னே 2024-இல் கம்பெனி மலையை விட்டு இறங்க முடிவு செய்தது. ஐநூறுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு ‘விருப்ப ஓய்வு’ அறிவிப்பு வந்தது. கையெழுத்துப் போட ஜூன் 14 வரை கெடு, வீட்டைக் காலி செய்ய ஆகஸ்ட் 7 வரை கெடு. வேலை இல்லையென்றால் வீடில்லை. வீடில்லையென்றால் அந்த மலையில் கால் வைக்க இடமில்லை. இதில் எந்த இடத்தில் ‘விருப்பம்’ உட்கார்ந்திருக்கிறது என்று தெரியவில்லை. வழக்குகள் மதுரைக் கிளைக்குப் போயின. தேயிலைத் தோட்டத்தை அரசின் ‘டான்டீ’ நிறுவனமே எடுத்து நடத்தட்டும் என்று கேட்டார்கள். வனவுரிமைச் சட்டப்படி எங்களுக்கும் உரிமை உண்டு என்றார்கள். 2024 டிசம்பர் 3-இல் உயர்நீதிமன்றம் மனுக்களைத் தள்ளிவிட்டு, மறுவாழ்வுக்கு அரசு சொன்னதைச் செய் என்றது. கீழே வீடு, தொழிற்பயிற்சி, கடன்... இந்தக் கடனுக்கான பத்திரத்தை என்னைப் போல் ஒருவன்தான் எழுதப் போகிறான். ‘படித்துக் காட்டி விளக்கப்பட்டது.’

நீதிமன்றத்தைத் திட்டுவது இங்கே நோக்கமில்லை. சட்டத்தையே எடுத்துப் பார்ப்போம். மாஞ்சோலை இருப்பது 1988-இல் அமைந்த களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துக்குள். காப்பகத்திலிருந்து ஆளை வெளியேற்ற வேண்டுமென்றால், வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2006-இல் சேர்த்த 38-வி பிரிவின்படி, பழங்குடிகளும் ‘காடுவாழ் மற்றவர்களும்’ விரும்பிப் போக வேண்டும். கிராமசபை விவரம் தெரிந்து சம்மதிக்க வேண்டும். நல்ல வாசகம்தான். ஆனால் ‘காடுவாழ் மற்றவர்’ யார்? 2006-ஆம் வருஷத்து வனவுரிமைச் சட்டத்தின் அளவுகோல்படி, 2005 டிசம்பர் 13-க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 வருஷம், காட்டில் வாழ்ந்து காட்டை நம்பிப் பிழைத்தவர். பின்னோக்கி எண்ணினால் 1930-இல் போய் நிற்கும். நம் ஆட்கள் முதலில் மலையேறியது அதற்குச் சற்று முன்னால். வருஷக் கணக்கு நமக்குச் சாதகம் போலத் தெரிகிறதா? அவசரப்படாதீர்கள். நீ காட்டை நம்பி வாழவில்லை, கம்பெனிக் கூலியை நம்பி வாழ்ந்தாய் என்று பதில் வரும். அந்த வாதம் நிற்கவில்லை.

ஆக, மூன்று தலைமுறை மலையிலிருந்தும் நம் ஆட்கள் கேட்கப்பட வேண்டியவர்களின் பட்டியலில் இல்லை. ‘தொழிலாளி’ என்ற ஒற்றைச் சொல்லில் சாதியும் காலமும் கரைந்துபோயின.

பட்டியலில் இருக்கிற காணிக்காரர்களுக்கு மட்டும் என்ன வாழ்கிறது? அந்தப் பட்டியலில் அவர்கள் இருக்கிற விதமே விசித்திரம். கன்னியாகுமரி மாவட்டம், நெல்லைச் சீமையின் செங்கோட்டை, அம்பாசமுத்திரம் வட்டங்கள் என்று எல்லை கட்டித்தான் ‘காணிக்காரர்’ பழங்குடி ஆகிறார். தாலுகா எல்லை தாண்டினால் குருதி மாறிவிடும் போலிருக்கிறது. காரையாறு அணைக்கு மேலே இஞ்சிக்குழியில் இருக்கிறவரை, சின்ன மயிலாற்றில் இருக்கிறவரைக் கேட்காமல்தான் அணை வந்தது, மின்சாரம் வந்தது, சரணாலயம் வந்தது, புலி வந்தது. தாமிரபரணி முதலில் அவர்கள் வீட்டு வாசலைத் தாண்டித்தான் நம்மிடம் வருகிறது. பாபநாசத்துக்குக் கீழே இருக்கிற நாம் ஆற்றைப் பற்றி எழுதின கவிதைகளில் (நான் எழுதினதையும் சேர்த்துத்தான்) ஒரு காணியாவது வருகிறாரா? காட்டை வெட்டிய கோடாலி கம்பெனியுடையது என்றாலும் பிடித்திருந்த கை நம்முடையது. இதையும் சேர்த்துப் பேசினால்தான் தலித்தும் பழங்குடியும் ஒரே பாயில் உட்கார முடியும். இல்லையென்றால் ‘காணிக்கு மட்டும் உரிமை, கூலிக்கு இல்லை’ என்று அதிகாரிகள் நம் இருவர் நடுவில் ஒரு கோடு கிழிப்பார்கள். அந்தக் கோட்டில் நாமே காவல் நிற்போம்.

இனிக் குழாய்க்கு வருவோம். நிலத்துக்குள் எண்ணெய்க் குழாயோ எரிவாயுக் குழாயோ பதிக்க 1962-ஆம் வருஷச் சட்டம் ஒன்று இருக்கிறது. நிலத்தை வாங்க மாட்டார்கள். ‘பயன்பாட்டு உரிமை’ மட்டும் எடுத்துக்கொள்வார்கள். நிலம் உன் பெயரில்தான் இருக்கும். ஆனால் அந்தப் பட்டையில் வீடு கட்டக் கூடாது, கிணறு தோண்டக் கூடாது, மரம் வைக்கக் கூடாது. ஈடு, பயிர்ச்சேதம் போக, சந்தை மதிப்பில் பத்தில் ஒன்று. அறிவிப்பு வந்து 21 நாளைக்குள் ஆட்சேபம் சொல்லலாம். யார் சொல்லலாம்? ‘நிலத்தில் நலன் உடையவர்.’

கொச்சியிலிருந்து பெங்களூருக்குப் போகிற கெயில் குழாய் தமிழ்நாட்டில் கோவை தொடங்கிக் கிருஷ்ணகிரி வரை ஏழு மாவட்டங்களில் 310 கிலோமீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்டபோது நடந்தது ஞாபகமிருக்கலாம். விவசாயிகள் எதிர்த்தார்கள். 2013 மார்ச்சில் அரசு கோவையில் உட்கார்ந்து அவர்களைக் கேட்டது. கேட்டபின், விளைநிலத்தில் வேண்டாம், நெடுஞ்சாலை ஓரமாகக் கொண்டுபோ என்று ஜெயலலிதா அரசு சொன்னது. நியாயமான முடிவு. அதே வருஷம் நவம்பரில் உயர்நீதிமன்றம் அந்த ஆணையை ரத்து செய்தது. 2016 பிப்ரவரியில் உச்சநீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. மாநில அரசே கேட்டு, மாநில அரசே ‘வேண்டாம்’ என்றாலும் செல்லாது என்றால், ஒரு தனி ஆளின் 21 நாள் ஆட்சேபத்துக்கு என்ன மரியாதை?

இதில் நமக்கென்று இன்னொரு கேள்வி இருக்கிறது. பட்டா உள்ள விவசாயிக்கு ‘நலன்’ உண்டு. அந்த வயலில் நாற்று நட்டு, களை பறித்து, அறுத்துப் பிழைக்கிற சேரி ஆளுக்கு? அவர் நிலத்தில் நலன் உடையவர் இல்லை, உழைப்பு உடையவர் மட்டும்தான். பஞ்சமி நிலம் பஞ்சமர் கையில் நின்றிருந்தால் இந்தக் கேள்வியே வேறு மாதிரி இருந்திருக்கும்.

காட்டுக்குள்ளே குழாய் போனால்? 2009-இல் மத்தியச் சுற்றுச்சூழல் அமைச்சகம் ஒரு சுற்றறிக்கை விட்டது. காட்டு நிலத்தை வேறு வேலைக்குத் தருமுன் வனவுரிமைகளைத் தீர்த்து, கிராமசபையின் சம்மதத் தீர்மானத்தை இணைக்க வேண்டும் என்றது. நாலு வருஷம்கூட ஆகவில்லை. 2013 பிப்ரவரி 5-இல் அதே அமைச்சகம் இன்னொரு கடிதம் எழுதியது. சாலை, கால்வாய், மின்கம்பி, குழாய் மாதிரி நீளவாக்கில் போகிற திட்டங்களுக்குக் கிராமசபைச் சம்மதம் வேண்டாம் என்று தளர்த்தியது. மிகவும் நலிந்த ஆதிப் பழங்குடிகளின் உரிமை பாதிக்கப்பட்டால் மட்டும் விலக்கு. ஒரு ஊரில் உட்காருகிற சுரங்கம் என்றால் அந்த ஊரைக் கேள், நூறு ஊரைத் தாண்டுகிற குழாய் என்றால் ஒரு ஊரையும் கேட்காதே. தர்க்கம் எப்படி இருக்கிறது பாருங்கள். 2022-இல் வந்த வனப் பாதுகாப்பு விதிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. மத்திய அரசு அனுமதியைக் கொடுத்துவிடும். உரிமைகளைத் தீர்க்கிற வேலையை மாநில அரசு பிறகு பார்த்துக்கொள்ளட்டும். தாலி கட்டின பிறகு பெண்ணிடம் சம்மதம் கேட்கிற கல்யாணம் இது.

உலகத்தில் வேறெங்கும் இப்படி இல்லையா என்று கேட்கலாம். கனடாவைப் பாருங்கள். எட்மன்டனிலிருந்து பசிபிக் கரையின் பர்னபி வரை 1953 முதல் ஓடுகிறது டிரான்ஸ் மவுண்டன் எண்ணெய்க் குழாய். அதற்கு இணையாக இன்னொன்று போட்டு, நாளைக்கு 3 லட்சம் பீப்பாயை 8 லட்சத்து 90 ஆயிரம் ஆக்குவது திட்டம். வழிநெடுகப் பூர்வகுடிகளின் மண். அவர்களைக் கலந்தாலோசிப்பது அந்த நாட்டில் அரசமைப்புக் கடமை. 2016-இல் அரசு அனுமதி கொடுத்தது. ட்ஸ்லேல்-வாட்டுத், ஸ்குவாமிஷ், கோல்ட்வாட்டர் முதலிய குடிகள் வழக்குப் போட்டார்கள். கோல்ட்வாட்டர்காரர்களின் வழக்கு நமக்குச் சட்டென்று விளங்கும். அவர்கள் குடிக்கிற நிலத்தடி நீர் ஓட்டத்துக்குக் குழாயால் ஆபத்து என்பதுதான் அவர்கள் பயம். 2018 ஆகஸ்ட் 30-இல் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் அனுமதியை ரத்து செய்தது. ஏன்? கடைசிச் சுற்றுக்கு வந்த அரசாங்க ஆட்கள் சொன்னதையெல்லாம் குறிப்பெடுத்துக்கொண்டு போனார்கள். பதில் சொல்லவில்லை. எதையும் மாற்றிக்கொள்ளும் அதிகாரமும் அவர்களிடம் இல்லை. குறிப்பெடுப்பது கலந்தாலோசனை ஆகாது என்றது நீதிமன்றம்.

இதைப் படித்த அன்று அந்தப் பெரியம்மாவின் சிரிப்புத்தான் எனக்கு ஞாபகம் வந்தது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே நாட்களில் கனடா அரசு அந்தக் குழாயை 450 கோடி டாலருக்குத் தானே வாங்கிவிட்டது. கேட்கிறவரும் முதலாளியும் ஒரே ஆள். மறுபடி கேட்டார்கள், இந்த முறை இன்னும் பதவிசாக. 2019 ஜூனில் மறுபடி அனுமதி கொடுத்தார்கள். 2020 பிப்ரவரியில் நீதிமன்றம், இப்போது ஒழுங்காகக் கேட்டிருக்கிறார்கள், கலந்தாலோசனை என்றால் தடுக்கும் உரிமை என்று பொருளல்ல என்றது. 2024 மே 1-இல் புதுக்குழாயில் எண்ணெய் ஓடத் தொடங்கியது. எல்லாப் பூர்வகுடிகளும் எதிர்த்தார்கள் என்று சொன்னால் அது பொய். பல குடிகள் பணம், வேலை என்று ஒப்பந்தம் போட்டன. வறுமையில் கிடக்கிறவர் போட்ட ஒப்பந்தத்தைப் பார்த்து நாம் முகம் சுளிக்க முடியாது. அது அவர்கள் உரிமை. ‘சரி’ என்று சொல்ல இருந்த உரிமை ‘மாட்டேன்’ என்று சொல்லவும் இருந்ததா என்பதுதான் கேள்வி.

ஒரு வேடிக்கையையும் சொல்லவேண்டும். 2007-இல் ஐ.நா. பூர்வகுடி உரிமைப் பிரகடனம் வந்தபோது எதிர்த்து ஓட்டுப் போட்ட நாலு நாடுகளில் கனடா ஒன்று. இந்தியா ஆதரித்து ஓட்டுப் போட்டது. போட்டுவிட்டு, எங்கள் நாட்டில் எல்லோருமே பூர்வகுடிதான் என்றது. எல்லோரும் பூர்வகுடி என்றால் யாரையும் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. எதிர்த்த நாட்டின் நீதிமன்றம் ஒருமுறையாவது அனுமதியைக் கிழித்தது. ஆதரித்த நாட்டில் சுற்றறிக்கைதான் கிழிகிறது.

இங்கே ‘மாட்டேன்’ செல்லுபடியானதே இல்லையா? ஆனது. ஒடிசாவின் நியமகிரி. உச்சநீதிமன்றம் 2013 ஏப்ரல் 18-இல், பாக்சைட் சுரங்கம் வேண்டுமா என்று கிராமசபைகளைக் கேள் என்று சொன்னது. அரசு தானே பார்த்துப் பன்னிரண்டு ஊர்களைத் தேர்ந்தெடுத்தது. மலையில் அதைவிடப் பல மடங்கு ஊர்கள் உண்டு. தேர்ந்தெடுத்த பன்னிரண்டும் ‘மாட்டோம்’ என்றன. வேதாந்தாவின் சுரங்கம் அங்கே நின்றது. கேட்பது எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. ஊருக்குள்ளே போய், அவர்கள் மொழியில், ‘மாட்டோம்’ என்றால் நிறுத்துவோம் என்று ஒப்புக்கொண்டு கேட்டார்கள். நம்ம பக்கம் கூடங்குளத்தின் 3 முதல் 6 வரையிலான உலைகளுக்குக் கருத்துக் கேட்ட கூட்டம் 2007 ஜூன் 2-இல் எங்கே நடந்தது? உலை கடற்கரையில், கூட்டம் கொக்கிரகுளத்தில், ஆட்சியர் அலுவலகத்தில். 2020-இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவைக் கருத்துக்கு விட்டார்களே, அது இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான் வந்தது. எல்லா மொழியிலும் கொடு என்று டெல்லி உயர்நீதிமன்றம் சொல்ல வேண்டியிருந்தது.

நியமகிரியைச் சொல்லிவிட்டு, கிராமசபை வாழ்க என்று முடித்துக்கொள்ள நமக்கு முடியாது. மலையில் கிராமசபை என்பது ஒரு மாதிரி. சமவெளியில் அது வேறு. இங்கே சபை கூடுகிற இடம் கோயில் மண்டபமாக இருக்கும், இல்லையென்றால் ஊர்த்தெருப் பள்ளிக்கூடமாக இருக்கும். சேரியிலிருந்து போகிறவர் வாசல்படியில் நின்று கேட்டுவிட்டு, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்புகிறார். மேலவளவில் 1997 ஜூன் 30-இல் பஞ்சாயத்துத் தலைவராகிய குற்றத்துக்காக வெட்டிப் போட்டார்கள். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் 2006 வரை பத்து வருஷம் தலித் தலைவரை உட்காரவே விடவில்லை. அந்தச் சபையில் நம் சம்மதம் என்று பதிவாவது யாருடைய சம்மதம்? ஆகவே ‘கிராமசபையைக் கேள்’ என்பது பாதிக் கோரிக்கைதான். சேரியைத் தனியாக, சேரியில் வந்து கேள் என்பது மீதிப் பாதி. ஊரைப் பிளக்கிறாய் என்பார்கள். ஊர் என்றைக்கு ஒன்றாக இருந்தது?

கேட்காதபோது நாமே போய்ச் சொன்ன நாளும் உண்டு. 1999 ஜூலை 23. கூலி உயர்வு கேட்டும், சிறையில் அடைத்த 652 தோட்டத் தொழிலாளரை விடச் சொல்லியும் ஆட்சியரிடம் மனுக் கொடுக்க ஊர்வலமாகப் போனார்கள். அதே கொக்கிரகுளம்தான். தடியடியில் சிதறி ஆற்றுக்குள் இறங்கியவர்களில் 17 பேர் பிணமானார்கள். ஒன்றரை வயசுக் குழந்தையும் அதில் ஒன்று. மனுவை வாங்க யாரும் கீழே இறங்கி வரவில்லை. மோகன் கமிஷன் வந்தது, அறிக்கையும் வந்தது. அந்த மனு மட்டும் இன்னும் கொடுக்கப்படாமலே கிடக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன். திங்கள்கிழமை மனு வாங்குகிற நாளுக்கு ‘மனுநீதி நாள்’ என்று பெயர் வைத்த மகராசன் யாரோ, தெரிந்தேதான் வைத்திருக்கிறான்.

2028 பிப்ரவரி நெருங்குகிறது. குத்தகை முடிந்தபின் அந்த மலை என்ன ஆகும், அங்கே பிறந்தவர்கள் அங்கே இருக்கலாமா, காணிகள் என்ன நினைக்கிறார்கள் என்பதை அதற்கு முன்னால் கேட்டாக வேண்டும். ஐந்து எஸ்டேட்டிலும், காணிக் குடியிருப்புகளிலும், தமிழில் எழுதின தாளோடு வந்து, வாய்விட்டுப் படித்துக் காட்டிக் கேட்க வேண்டும். ‘மாட்டோம்’ என்ற பதிலுக்கும் அந்தத் தாளில் ஒரு கட்டம் இருக்க வேண்டும். யார் என்ன சொன்னார், அதற்கு அரசு என்ன பதில் சொன்னது என்பதை அங்கேயே எழுதி, ஒரு படியை அங்கேயே கொடுத்துவிட்டுப் போக வேண்டும். கீழே இறங்கிவிட்டவர்களையும் தேடிப் போய்க் கேட்க வேண்டும். இறங்கிவிட்டதாலேயே அவர்கள் மலைக்காரர் இல்லை என்று ஆகிவிடாது.

இவ்வளவும் ஒரு பக்க மனுவாக இந்த இதழின் பின்னட்டையில் இருக்கிறது. கையால் நகலெடுங்கள். பக்கத்து வீட்டாருக்கு ஒருமுறை முழுக்கப் படித்துக் காட்டிவிட்டு, அவர் சரி என்றால் மட்டும் கையெழுத்தோ கைநாட்டோ வாங்குங்கள். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், ஏன் என்று மட்டும் கேட்டு எங்களுக்கு ஒரு கார்டில் எழுதுங்கள். திங்கள்கிழமை ஆட்சியர் அலுவலகத்தில் கொடுக்கும்போது எண் போட்ட ரசீதைக் கேட்டு வாங்குங்கள். இல்லை என்பார்கள், நின்று வாங்குங்கள்.